பெயர் எழுதாத குரூப் போட்டோ

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு குரூப் போட்டோ இருக்கும். முன்வரிசை நாற்காலிகளில் ஆசிரியர்கள், பின்னால் அடுக்கடுக்காக மாணவர்கள். அதைப் பழைய நினைவு என்று மட்டும் கருதுகிறோம். அது வரலாற்றுச் சான்றாகவும் நிற்கும். அதற்குப் படத்தின் பின்புறம் பெயர்களும் ஆண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கிண்டி பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு வந்தது. 1940களின் தொடக்கத்தில் ஏ. லலிதா மின்பொறியியலிலும், பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் பிரிவிலும் என மூன்று பெண்கள் அங்கே படித்துத் தேறினார்கள். அவர்கள் சேர்ந்ததையும் தேறியதையும் பதிவேடு சொல்லும். வரைபட வகுப்பில் எங்கே அமர்ந்தார்கள், தியோடலைட் என்னும் நில அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அளவைக்குப் போகையில் என்ன உடுத்தினார்கள் என்பதைப் படம்தான் காட்டும். பெயரில்லாத படமோ, யாரோ ஒரு பெண் என்பதோடு நின்றுவிடும். அந்தத் திரேசியாதான் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பதிவேடும் படமும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை. பட்டமளிப்பும் விளையாட்டு விழாவும் எப்படியும் படமாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும், விடுதி மெஸ்ஸில் சமைத்தவரும், கால்குலேட்டர் வந்ததும் மறைந்த ஸ்லைடு ரூலும் அப்படி எளிதில் பதிவாவதில்லை.

இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். படங்கள் பெருகியிருக்கின்றன, பாதுகாப்பு பெருகவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது, எடுத்த நாள் பற்றிய தகவலும் அதிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. போஸ் கொடுத்து எடுத்த படம் உண்மையைச் சொல்லுமா என்பது இன்னொரு கேள்வி. யார் உட்கார்ந்தார், யார் நின்றார், யாரை அழைக்கவே இல்லை என்பதை அந்த போஸே சொல்லிவிடும். ஐயம் இருந்தால் கல்லூரி ஆண்டு மலரோடு ஒப்பிடலாம். மாணவிகளின் படங்களைப் பொதுவில் போடலாமா என்ற கவலை மிகவும் நியாயமானது. பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிட உரியவரின் சம்மதம் வேண்டும், பத்திரப்படுத்தத் தடையில்லை.

படங்களில் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துவது திருத்தணிக்காரர்களுக்கு இன்னும் அவசியம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆட்சி எல்லை மாறிய ஊரில் ஒருவருடைய படிப்பின் தடத்தை ஒரே அலுவலகக் கோப்பில் தேடிவிட முடியாது. அந்தத் தலைமுறையில் தொழில்கல்வி கற்றவர்கள் இன்று முதியவர்கள். படத்தில் இருப்பவர் யார் என்று விரல் வைத்துச் சொல்ல அவர்களால்தான் முடியும். கலர் படங்களின் சாயம் வெளுப்பதைவிட வேகமாக அந்த நினைவு போய்விடும். ஆகவே இந்த வாரமே பெட்டியைத் திறந்து படத்தை எடுங்கள். பெரியவர்களைக் கேட்டு ஆண்டு, பிரிவு, இடமிருந்து வலமாகப் பெயர்கள் ஆகியவற்றைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் அழுத்தம் முன்பக்கத்தில் தடம் பதிக்கும். இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை நீங்கள் படித்த கல்லூரியின் நூலகத்துக்குக் கொடுங்கள்.