கருவுற்ற மகளிரும் குருதிச் சோதனையும்

(இராமநாதபுரத்தில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இலக்கியங் கேட்கலாமென்று வந்த அன்பர் சிலர், யாம் மருத்துவம் பேச எழுந்தமை கண்டு வியக்கக்கூடும். யாம் மருத்துவரல்லேம், தமிழாசிரியரே. எனினும், நம்மவர் இல்லமொன்றில் நேர்ந்தது எம்மை வாளாவிருக்க விடவில்லை.

பாம்பன் பக்கம் மணஞ்செய்து கொடுக்கப்பெற்ற பெண்ணொருத்தி கருவுற்றாள். ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் வைரஸ் அவள் குருதியில் உண்டெனச் சோதனைச் சீட்டு வந்தது. அன்றே மாமியார் அவளுக்குத் தட்டும் குவளையும் வேறாக்கினார். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்தவளை, பிள்ளை பெற்று ஐந்து திங்களாகியும் அழைத்துச் செல்வாரில்லை. அவள் ஒழுக்கத்தையும் ஐயுற்றுப் பேசினர்.

அச்சீட்டு உண்மையில் யாது கூறுகின்றது? அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க் என்பார், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதியிற் கண்ட புதிய பொருளொன்றைப் பற்றி 1965-இல் எழுதினார். அஃது இவ்வைரஸின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று; 1976-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். கர்ப்பிணிகளின் குருதியில் முதற்கண் தேடப்படுவது அம்மேலுறைப் பொருளே. அது காணப்படின் வைரஸ் உடலில் உண்டு என்பதே பொருள். எவ்வழி வந்ததென்று சீட்டுச் சொல்லாது. 'இ ஆண்டிஜன்' என்பதும் உடன் காணப்படின் வைரஸ் மிகப் பெருகுகின்றதென்க. காப்பொன்றுஞ் செய்யாவிடின் அத்தகைய தாயரின் மகவுகளுள் நூற்றுக்கு 90 வரை தொற்றுக் கொள்ளும். இ ஆண்டிஜன் இல்லாதார்க்கு அவ்வெண் 10 முதல் 40 வரை.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. வளர்ந்தபின் தொற்றுக் கொண்டாருள் நூற்றுக்கு ஐவர்க்குங் குறைவானவரிடமே அது நிலைத்துத் தங்கும். பிறந்தவுடன் கொண்ட மகவுகளுள் 90 பங்கினிடம் தங்கிவிடும். குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி நாடெங்கும் பரவியது 2011-இலேதான். இன்று தாயாகும் மகளிர் அதற்கு முன்னர்ப் பிறந்தோர். ஆதலின் அப்பெண் தன் தாயிடமிருந்தே அதனைப் பெற்றிருத்தல் கூடும். கணவன் குருதியைச் சோதித்தாரோ எனின், அதுவுமில்லை!

கீழாநெல்லி போதாதோ என்று பாட்டிமார் வினவுவர். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. சென்னை அறிஞர் தியாகராஜன் முதலியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மூலிகை உண்ட 37 பேருள் 22 பேர்க்கு மேலுறைப் பொருள் மறைந்தது. உண்ணாத 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. அதனைக் கேட்டு யாமும் அந்நாளில் பெருமிதங் கொண்டதுண்டு. ஆயினும் 1990-இல் தாய்லாந்தார் செய்த ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. ஆகவே கர்ப்பிணியைக் கீழாநெல்லியை நம்பி விடுதலாகாது.

செய்யத்தக்கது வேறு. மகவு பிறந்த 24 மணி நேரத்துள் தடுப்பூசி இடல்வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஊசியும் உடனிடுதல் நலம். பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில் ஏனைய ஊசிகள். வைரஸ் மிக்க தாயர்க்குக் கருவுற்ற காலத்தே டெனோபோவிர் மாத்திரை தருவர். 1988-இற் சாலைப் பாலம் திறக்குமுன் இரயிலும் படகுமே வழியாயிருந்த இராமேசுவரத் தீவினர்க்கு 24 மணி நேரம் என்பது பெருங்கெடுவாயிருந்திருக்கும். இன்று அவ்விடர் இல்லை. தாய்ப்பால் தடையின்று. சோற்றாலும் நீராலும் இந்நோய் பரவாது. தட்டை வேறாக்கியது வீண்.

அம்மகவிற்கு ஊசிகள் முறையே இடப்பெற்றன. ஒன்பது திங்கள் நிறைந்தபின் அதன் குருதியைச் சோதிப்பர். பெண்ணின் தாயாரையும் சோதித்துக்கொள்ளுமாறு இருமுறை சென்று வேண்டினோம். அவர் இன்னும் இசையவில்லை.