நெற்பயிரின் பிறவிக் காவல்



செழித்து நின்ற நெற்பயிரின் இலைநுனி ஒருநாள் மஞ்சளிக்கிறது. அம்மஞ்சள் இலையோரங்களின் வழியே அலையலையாகக் கீழிறங்க, ஈற்றில் இலை முழுவதும் வைக்கோல் நிறமாகக் காய்கிறது. உரம் போதவில்லையென்று எண்ணிக் கமக்காரர் மேலும் யூரியாவை இடுகிறார். நோயோ இன்னும் பெருகுகிறது. ஐயமுற்றவர் அவ்விலையொன்றை வெட்டி, வெட்டுவாய் தெளிந்த நீரில் அமிழுமாறு கண்ணாடிக் குவளையொன்றில் வைத்துப் பார்க்கலாம். பால்போன்ற இழை நீரிற் கசியுமாயின், அது பற்றீரியாக்களின் கூட்டமே. இதனையே பற்றீரியா இலை வெளிறல் நோய் என்பர்.

வந்தபின் மருந்து தெளித்து இந்நோயை வெல்லுதல் அரிது. ஆகவே, பயிருக்குப் பிறவியிலேயே எதிர்ப்பாற்றலை அளிக்க அறிஞர் முயன்றனர். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்துவன பரம்பரையலகுகள். தமிழகத்து டி. கே. எம். 6 என்னும் நெல்லில் இந்நோயைத் தடுக்கும் பரம்பரையலகு ஒன்று இருந்தது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதனைக் கலப்பின் மூலம் ஐ. ஆர். 20 என்னும் இனத்திற் சேர்த்து, 1969 இல் வெளியிட்டது. ஆயின், அக்காவலைத் தாங்கிய இனங்கள் எங்கும் பரவியபோது, அதனை மீறவல்ல பற்றீரியாக்களே தப்பிப் பெருகின. ஒரே காவலனை நம்பிய கோட்டையின் கதி அதுவாயிற்று.

புதிய காவலன் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தான். ஆபிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டுநெல் ஒன்று, சோதித்த பற்றீரியா வகைகள் யாவற்றையும் எதிர்த்து நின்றதை 1977 இல் இந்திய ஆய்வாளர் கண்டனர். உணவுக்காக எவரும் விரும்பிப் பயிரிடாத புல் அது! கலாநிதி குர்தேவ் குஷ்ஷும் அவர்தம் குழுவினரும் அதனை ஐ. ஆர். 24 என்னும் நெல்லுடன் கலந்தனர். பிறந்த சந்ததியில் நோயெதிர்த்தவற்றை மாத்திரம் தெரிந்து, நல்ல நெல்லுடன் மீண்டும் மீண்டும் கலந்தனர். காட்டுப் புல்லின் வேண்டாத குணங்கள் கழிந்து காவல் மட்டும் எஞ்சுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

முன்னைய பாடத்தையும் அறிஞர் மறக்கவில்லை. ஐதராபாத் ஆய்வாளர், இக்காவலனோடு வேறிரு பரம்பரையலகுகளையும் சம்பா மசூரி நெல்லில் ஒருங்கே சேர்த்தனர். அவ்வினம் 2008 இல் வெளியாயிற்று. மூன்று காவலரை ஒருசேர மீறுதல் பற்றீரியாவுக்கு எளிதன்று.

நேயர்களே, நமது வறண்ட வலயத்தின் நீர்நிலை ஓரங்களிலும் காட்டுநெற்கள் முளைக்கின்றன. அவற்றுள் ஒரைசா இரைசோமேற்றிசு என்பது இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. அதனுள் எந்நோய்க்கான காவல் உறைகின்றதென்று யார் முன்கூட்டியே சொல்லவல்லார்? பயனற்ற புல்லென்று இன்று அழித்துவிட்டால், நாளை நம் பேரப்பிள்ளைகளின் வயல் நோயுறும்போது தேடிச் செல்வதற்கு இடமிராது. உண்ணும் நெல்லைக் காப்பவர், உண்ணா நெல்லையும் காத்தல் வேண்டும்.