வீட்டுக் கதை வீட்டோடு இருக்கட்டும்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விடயத்தைப் பற்றிப் பேசுவதற்கு என்னிலும் பார்க்கக் கொம்பியூட்டர் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் தலைவர் என்னிடம், "அண்ணை, நீங்கள் பிழைவிட்டுப் படிச்சனீங்கள். நீங்கள் கதைச்சால்தான் சனம் கேட்கும்" என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆகவே என்னுடைய பிழையில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் 1984இல் ஜேர்மனிக்கு வந்தவன். உங்களில் மூத்தவர்கள் பலரைப் போலக் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்து, அகதியாகப் பதிந்தேன். அந்த நாட்களில் ஊருக்குக் கடிதம் எழுதுவதென்றால் எவ்வளவு யோசிப்போம்! வழியில் யாரும் உடைத்துப் படிக்கலாம் என்ற பயத்தில் ஆட்களின் பெயரை எழுதமாட்டோம். "கடைசித் தம்பி", "மேற்கு வீட்டுக்காரர்" என்றுதான் எழுதுவோம். பிரச்சினை எப்படி என்று கேட்பதற்குப் பதிலாக, "அங்கே மழை எப்படி?" என்று கேட்போம். அம்மாவும் விளங்கிக்கொண்டு, "இந்தக் கிழமை மழை கொஞ்சம் குறைவு" என்று பதில் போடுவா.

அப்படி ஒரு ஒற்றைத் தாளுக்கே பயந்த நாங்கள், இன்று என்ன செய்கிறோம்? காலையில் இடியப்பம் அவித்தது தொடங்கி, புது வீட்டுத் திறப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் தாலிக்கொடி வரை எல்லாவற்றையும் ஊருக்கும் உலகத்துக்கும் காட்டிக்கொண்டு இருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2022இல் இதே போன்ற ஒரு மண்டபத்தில் ஒரு நினைவுக் கூட்டம் நடந்தது. நான் ஹண்டியால் படம் எடுத்து, எல்லோருடைய பெயரையும் இணைத்து பேஸ்புக்கில் போட்டேன். யாரும் பார்க்கக்கூடியதாகவே போட்டேன். அந்தப் படத்தில் ஒரு தம்பி நின்றார். அவருடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஊரில் அவருடைய தாயாரிடம் சிவில் உடையில் இரண்டு பேர் போய், ரெலிபோனில் என்னுடைய படத்தையே காட்டி, "இது உங்கடை மகன்தானே, எங்கை இருக்கிறார்?" என்று விசாரித்திருக்கிறார்கள். "அங்கிள், அம்மா ராவிலை நித்திரை கொள்ளுறா இல்லை. படத்தை எடுத்துவிடுங்கோ" என்றார். அந்த நிமிடமே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னரே பத்துப் பன்னிரண்டு பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அதை நான் எப்படித் திருப்பி எடுப்பது? அந்தத் தாயிடம் ரெலிபோனில் மன்னிப்புக் கேட்டேன். அவ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்பானவர்களே, அங்கே 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தால் எத்தனை குடும்பங்கள் பட்ட பாடு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் அங்கே நிறைவேறியது. நாங்கள் இங்கே பாதுகாப்பாக இருக்கிறோம். எங்கள் படத்தில் நிற்பவரின் தாய் தகப்பன் அங்கே இருக்கிறார்கள்.

நாங்கள் வாழும் இந்த நாட்டின் சட்டமும் இதைப்பற்றி ஒன்று சொல்கிறது. 1898இல் பிஸ்மார்க் இறந்தபோது இரண்டு படப்பிடிப்பாளர்கள் இரவில் அவருடைய அறைக்குள் புகுந்து உடலைப் படம் எடுத்தார்கள். அந்த வழக்கு எழுப்பிய கேள்வியில் இருந்துதான், ஒருவருடைய உருவம் அவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1907இல் இங்கே வந்தது. சில விதிவிலக்குகள் தவிர, படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அதைப் பரப்பக்கூடாது. மீறினால் தண்டப்பணமோ, ஒரு வருடம் வரை சிறையோ கிடைக்கலாம். எங்கள் பிறந்தநாள் விழாக்களுக்கும் இது பொருந்தும்.

இனி வீட்டுக்குள் வருவோம். என்னுடைய மகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கியபோது பெருமையில் அதையும் படம் பிடித்துப் போட்டேன். அவள் கேட்டாள்: "அப்பா, அதிலை என்ரை முழுப்பேர், பிறந்த திகதி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கு. என்னட்டைக் கேட்டனீங்களே?" எனக்குக் கோபம் வந்தது. தகப்பனை மகள் கேள்வி கேட்பதா என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னது முழுவதும் சரி. பெயரும் பிறந்த திகதியும் இருந்தால் அவளுடைய பெயரில் யாரும் இணையத்தில் சாமான் வாங்கிக் கடன் வைக்கலாம்.

நான் படித்துக்கொண்ட சில காரியங்களைச் சொல்கிறேன். வீட்டிற்குப் போய் இன்றே செய்யலாம்.

முதலாவது, பேஸ்புக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் யார் பார்க்கலாம் என்பதை நண்பர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். உங்கள் பெயரை மற்றவர்கள் படத்தில் இணைத்தால் முதலில் உங்களிடம் கேட்கும்படியும் வைக்கலாம். 2021இல் 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் பாவனையாளர்களின் ரெலிபோன் இலக்கங்கள் வெளியில் கிடந்தன. ஆகவே இலக்கத்தையும் பிறந்த திகதியையும் அங்கே காட்டவேண்டாம்.

இரண்டாவது, வட்ஸ்அப்பில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. மச்சான் கேட்டாலும் சொல்லக்கூடாது. கேட்பது மச்சானாக இருக்காது. இரண்டாம் பூட்டாக ஒரு பின் இலக்கத்தையும் போட்டுவையுங்கள்.

மூன்றாவது, "அம்மா, என்ரை ஹண்டி உடைஞ்சு போச்சு, இது புது நம்பர், அவசரமாய்க் காசு அனுப்புங்கோ" என்று செய்தி வந்தால், பிள்ளையின் பழைய இலக்கத்துக்கு எடுத்துக் குரலைக் கேளுங்கள். இந்த ஏமாற்று வேலையில் ஜேர்மன்காரத் தாய்மாரும் கனபேர் காசை இழந்திருக்கிறார்கள்.

நான்காவது, விடுமுறைக்குப் போனால் திரும்பி வந்த பிறகு படம் போடுங்கள். எங்கள் வீடுகளில் நகை இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரியும். "விமான நிலையத்தில் நிற்கிறோம்" என்று எழுதுவது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாங்களே சொல்வதுதான்.

ஐந்தாவது, வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை 2016இல் இருந்து இடையில் யாரும் படிக்கமுடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு பூட்டு இல்லை. நூறு பேர் உள்ள குடும்பக் குழுவில் ஒருவர் அதை வெளியே அனுப்பினால் கதை முடிந்தது. நோய், கலியாணப் பேச்சு, விசாக் கடிதம் இவற்றைக் குழுவில் போடாமல் நேரே எடுத்துக் கதையுங்கள்.

இவற்றை எல்லாம் சொல்வதால், ஹண்டியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்னுடைய அம்மா ஊரில் காலமானபோது என்னால் போக முடியவில்லை. இறுதிக் கிரியையை இந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். படம் போடுவதற்கு முன்னர், அதில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம். பேத்திக்கு ஆறு வயது. போன மாதம் அவள் "வேண்டாம் தாத்தா" என்றாள். படம் என்னிடமே இருக்கிறது.

அந்தத் தம்பிக்குப் பிறகு விசா கிடைத்துவிட்டது. இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்று காட்டமாட்டேன்.