பிஸ்கெட் டின்னும் பிரேக் டிரம்மும்

டீச்சர் இல்லாத நேரத்துல கிளாஸ் பெஞ்சில் தாளம் போடாத ஆள் நம்மில் யாராவது உண்டா? கையில் கிடைச்சதைத் தட்டுறது நமக்கு டைம்பாஸ். கரீபியன் கடலில் இருக்கிற டிரினிடாட் தீவில் ஒரு காலத்துல வேற வழியே இல்லாமத்தான் அப்படித் தட்டினாங்க. இன்னைக்கு அந்தக் கதை.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவங்களோட சந்ததி அங்கே நிறைய. கார்னிவல் வந்தா மேளமும் தீப்பந்தமுமா தெருவில் இறங்குவாங்க. ஆட்சி பிரிட்டிஷ்காரங்க கையில். மேளம் கேட்டா கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தைக் கண்டுதான் அவங்களுக்கு பயம். 1881 கார்னிவலில் போலீசுக்கும் மக்களுக்கும் பெரிய மோதல். அடுத்த சில வருஷங்களில் சட்டம் போட்டுத் தோல் மேளத்தை ஒடுக்கினாங்க.

மேளம் போச்சு. மூங்கில் இருந்ததே! அதை வெவ்வேற நீளத்துக்கு வெட்டினாங்க. பருமனான நீளத் துண்டைத் தரையில் குத்தினா 'தொம்' என்று அடிச்சத்தம். மெல்லிசான துண்டைத் தோளில் வச்சு குச்சியால் தட்டினா கூர்மையான சத்தம். கூடவே காலி ஜின் பாட்டிலும் ஸ்பூனும். இதுக்குப் பேரு 'டாம்பூ பாம்பூ'. பல வருஷம் கார்னிவல் இதை வச்சே ஓடுச்சு.

ஆனா மூங்கில் நாள் முழுக்க அடி வாங்கினா பிளந்துடும். சத்தமும் ரொம்ப தூரம் போகாது. 1930-களில் பசங்க பிஸ்கெட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடின்னு தகரத்துக்கு மாறினாங்க. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அப்புறம்தான் வருது.

ஒரு தகரத்தை ஒரே இடத்துல அடிச்சுக்கிட்டே இருந்தா அந்த இடம் நெளியும், சத்தமும் மாறும். யாரா இருந்தாலும் 'டின் வீணாப் போச்சு'ன்னு தூக்கிப் போட்டிருப்போம். இவங்க அந்த நெளிவைக் கவனிச்சாங்க. உள்ளிருந்து தட்டி வெளியே தள்ளினா சுரம் மாறுது. சின்னப் பரப்புல உயர்ந்த சுரம், பெரிய பரப்புல தாழ்ந்த சுரம். அப்படின்னா ஒரே மூடியில் பல சுரம் வைக்கலாமே! முதலில் கண்டுபிடிச்சது யாருன்னு பேட்டைக்குப் பேட்டை சண்டை உண்டு. வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன், எல்லி மானெட் ரெண்டு பேரையும் எல்லாரும் சொல்வாங்க. அந்தத் தீவுல எண்ணெய்க் கிணறுகள் இருந்ததால், சுமார் 200 லிட்டர் பிடிக்கிற காலி எண்ணெய் டிரம்மும் தாராளமாக் கிடைச்சது. அதோட அடிப்பக்கத்தைச் சுத்தியலால் கிண்ணம் மாதிரி குழிச்சு, சுரங்களைப் பிரிச்சு, நெருப்பில் காட்டி, காதை மட்டும் நம்பி சுருதி சேர்த்தாங்க. ஸ்டீல்பேன் பிறந்தது இப்படித்தான். இன்னைக்கு ஒரு டெனர் பேனில் 25-க்கும் மேல சுரங்கள் இருக்கு. பேஸ் பேனில் ஒரு டிரம்முக்கு மூணு சுரம்தான் அடங்கும். அதனால வாசிக்கிறவர் ஆறு டிரம்முக்கு நடுவுல நின்னு சுழலணும்!

ஊருக்குள்ள மரியாதை இருந்ததான்னு கேட்டா, இல்லை. பேன் வாசிச்சா ரவுடின்னு பேர். குழுக்கள் தெருவில் அடிச்சுக்கிட்டதும் நிஜம். வீட்டில் சேர்க்காத அம்மாக்களும் உண்டு. அந்த நிலைமையில்தான் 1951-இல் வெவ்வேற பேட்டைப் பசங்களை ஒண்ணாச் சேர்த்து டாஸ்போ என்ற குழுவை 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' விழாவுக்கு லண்டன் அனுப்பினாங்க. மேளத்துக்குத் தடை போட்ட அதே அரசோட தலைநகரத்தில், எண்ணெய் டிரம்மில் வாசிச்சாங்க. 1992-இல் ஸ்டீல்பேன் நாட்டின் தேசிய வாத்தியமாச்சு. 2023-இல் ஐ.நா. ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பேன் தினமா அறிவிச்சது.

பேன் இப்போ முறையான வாத்தியம், விலையும் அதிகம். ஆனா 'பனோரமா' போட்டி வீடியோ ஒண்ணு போட்டுப் பாருங்க. நூறு பேர் வாசிக்கிற குழுவில் நடுவே 'எஞ்சின் ரூம்'னு ஒரு தாளப் பகுதி இருக்கும். ஹெட்போனில் கேட்டா எல்லாத்துக்கும் மேல 'டிங்-டிங்-டிடிங்'னு ஒரு இரும்புச் சத்தம் விடாம ஓடும். நூறு பேரும் அதைப் பிடிச்சுத்தான் போறாங்க.

அது பழைய கார்லேர்ந்து கழட்டின பிரேக் டிரம்.