தண்டுவடத்தின் மேனோக்கு வழிகள்

(திருக்கடையூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கு உடற்கூற்று நூலில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகைப்படுத்தியபோது, உடம்பால் உற்றறியும் அறிவையே முதற்கண் வைத்தார். அவ்வுற்றறிவு காலிலிருந்து தலைக்கு எவ்வாறு செல்கின்றது என்பதே இன்றைய பொருள். இதனைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தண்டுவடம் என்பது முதுகெலும்புக் கோவையின் உட்புழையில் அமைந்த நரம்புக் கயிறு. சுண்டுவிரற் பருமனே உடையது. ஆடவர்க்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். அதனின்று 31 இணை நரம்புகள் இருபுறமும் கிளைக்கின்றன. மூளையின் ஏவல் இதன்வழி இறங்குகின்றது. உடம்பின் செய்தி இதன்வழி ஏறுகின்றது. காவிரி நாட்டினராகிய நாம் நீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வருதலை அறிவோம். உணர்ச்சியோ கடைமடையில் தோன்றித் தலைமடைக்கு ஏறுவது.

ஏறும் வழிகளுள் தலையாயவை மூன்று. முதலாவது, நுண்ணிய தொடுவுணர்ச்சியையும், அதிர்வையும், கைகால்கள் இருக்கும் நிலையையும் கொண்டு செல்வது. இருளில் வரப்பின்மேல் நடப்பவன் தன் காலைப் பாராமலே அடிவைப்பது இதனால். இவ்வழி வந்த பக்கத்திலேயே தண்டுவடத்தின் பின்புறமாக ஏறி, முகுளத்தை அடைந்த பின்னரே மறுபக்கம் கடக்கும். இரண்டாவது, வலியையும் வெப்பதட்பத்தையும் கொண்டு செல்வது. இது தண்டுவடத்துட் புகுந்த இடத்தின் அருகிலேயே மறுபக்கம் கடந்து மேலேறும். இவ்விரண்டும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸை அடைந்து, ஆங்கிருந்து பெருமூளைப் புறணிக்குச் செல்லும். மூன்றாவது, தசைகளின் நிலையைச் சிறுமூளைக்கு அறிவிப்பது. அதன் வேலை நம் நினைவிற்கு வாராமலே நடப்பது.

பாலூட்டும் உயிர்கட்கெல்லாம் இவ்வமைப்புப் பெரும்பாலும் பொதுவே. ஆயினும், பூனைக்குக் கழுத்துப்பகுதியில் இடைத்தங்கிச் செல்லும் வேறொரு வழி சிறந்து விளங்க, மக்கட்கு அது சிறுத்துள்ளது.

நம் தமிழ்மக்கள் பலர் குடியேறி வாழும் மொரீஷியஸ் தீவில், 1817ஆம் ஆண்டில், பிரௌன்-செக்கார் என்னும் அறிஞர் பிறந்தார். தண்டுவடத்தின் ஒருபாதி மட்டும் அறுந்தால், அதே பக்கத்துக் கால் அசைவையும் நிலையுணர்வையும் இழக்கும். எதிர்ப்பக்கத்துக் கால் வலியையும் சூட்டையும் அறியாது. இந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மருத்துவர் நோயாளியின் உடம்பில் ஊசியால் குத்தியும், பஞ்சால் தடவியும், இசைக்கவையை எலும்பின்மேல் வைத்தும் பார்ப்பது, எவ்வழி அறுந்தது என்று தெளிதற்கேயாம்.

இனி அக்காரணத்தைக் கூறுவோம். இருபதாண்டுகட்கு முன், எம் தெருவில் தேங்காய் பறிக்க ஏறிய உறவினர் ஒருவர் மரத்தினின்று வீழ்ந்தார். "கால் மரத்துப்போயிற்று, தம்பி" என்று அவர் சொல்லியும், பதைப்பால் யாமும் மூவரும் அவரைக் கையும் காலுமாகப் பற்றித் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அவர் பின்னர் நடந்திலர். வீழ்ந்தபோதே தண்டுவடம் அறுந்ததோ, யாம் தூக்கியதால் அறுந்ததோ, யார் அறிவார்? அவ்வினா எம்மை இன்றும் விட்டபாடில்லை. வீடு திரும்பிய பின், அவர் தாயார் காலுக்கு உயிர் வரும் என்று சுடுமணலால் ஒத்தடம் கொடுத்தார். தோல் வெந்து கொப்பளித்தது. மகனோ முகஞ் சுளிக்கவில்லை. அதனைக் கண்டே அவ்வம்மையார் வாய்விட்டு அழுதார். வலி என்பது காவலன் என்பதை யாம் அன்றே உணர்ந்தோம்.

ஆதலின் அன்பர்களே, மரத்தினின்றோ வண்டியினின்றோ வீழ்ந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாவண்ணம் ஒருவர் பிடித்துக்கொள்க. 108க்குத் தொலைபேசியில் சொல்லுக. நகர்த்தியே ஆகவேண்டுமாயின், பலர் சேர்ந்து கட்டை புரட்டுவதுபோல் உடம்பை ஒருசேரப் புரட்டிப் பலகையில் கிடத்துக. உணர்வற்ற காலுக்கு ஒத்தடம் வேண்டா. படுத்தவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்து, குதிகாலும் இடுப்பும் சிவந்துள்ளனவா என்று நாடோறும் பார்க்க வேண்டும். நோவறியா உடம்பில் படுக்கைப்புண் வந்தால் உயிரையே கொள்ளும்.

அன்றியும், அத்தகையோரை வீட்டின் மூலையில் ஒதுக்கற்க. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகட்கு அறுவை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் பயின்று, அத்துறையை வேலூரில் நிறுவிப் பலரை எழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் சங்கக் கட்டடத்தில் வார்கள் கோத்த பலகை ஒன்று எப்பொழுதும் இருத்தல் வேண்டும். அதனைக் கையாள இளைஞர் அறுவர்க்கேனும் பயிற்சி அளித்தல் வேண்டும். அப்பலகை நம்மவர்க்கு மட்டுமன்றி, வீழ்ந்தவர் யாராயினும் உதவுக. நீண்ட ஆயுளை வேண்டி நாடெங்குமிருந்து மக்கள் வரும் இத்தலத்தில், இவ்வேண்டுகோளைப் பெரியோர் ஏற்றருள்க.