எபிசோட் எழுத்து வடிவம்: படத்தில் இருக்கும் நேரம் எந்த ஊர் நேரம்?

(ஒலிப்பதிவில் பேசியதைப் படிப்பதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் சுருக்கி, திருத்திக் கொடுத்திருக்கிறோம்.)

மூணு பேர் மூணு கருவியில எடுத்த படங்களை ஒரே ஃபோல்டர்ல போட்டா வரிசை கலைஞ்சு போகுதே, அது ஏன், எப்படிச் சரி பண்றதுங்கிறதுதான் இன்னிக்குப் பேச்சு. எங்க வீட்டுக் கதையை வச்சே சொல்றேன். நான் இதைக் கத்துக்கிட்டதே அதுலதான்.

2019 தை மாசம் திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். கோயில் பக்கத்து மண்டபத்துல, விடியறதுக்கு முன்னாடியே முகூர்த்தம். அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், அத்தான் நல்ல கேமரா ஒண்ணு கொண்டு வந்திருந்தார். நான் என் ஆண்ட்ராய்டு போன்ல படமும் வீடியோவும் எடுத்தேன். அத்தை எடுத்ததெல்லாம் வாட்ஸ்அப்ல வந்தது. அப்பா போனதுக்கு அப்புறம், வருஷத் திதிக்கு முன்னாடி அம்மா அந்த நாளை ஒரு ஆல்பமாப் போட்டுக் குடுன்னு கேட்டாங்க. நேரப்படி வரிசையா இருக்கணும், அவ்வளவுதான் அவங்க கேட்டது.

எல்லாத்தையும் கொட்டி நேரப்படி அடுக்கினா, முதல் நாள் ராத்திரி 11:19க்கே அப்பா தாலி கட்டிட்டார். அம்மா மேல கலசத் தண்ணி ஊத்துறது மறுநாள் காலையில 6:55க்கு. எங்க சித்தப்பா மண்டபத்துக்குள்ள தூண் ஓரமா நிக்கிற படம் 7:18க்கு.

இந்த மூணாவது படம்தான் விஷயம். சித்தப்பா அன்னிக்கு லேட்டா வந்தார்னு வீட்டுல ஒரு மனத்தாங்கல் உண்டு. அண்ணன் தாலி கட்டும்போது தம்பி இல்லைன்னு அப்பாவுக்கு வருத்தம். "நான் பின்னாடி நின்னேன், யாரும் பாக்கலை"ன்னு சித்தப்பா சொன்னதை யாரும் காதுல வாங்கலை. அப்பா அவரைப் பார்த்தது டிபன் பந்தியிலதான். அஞ்சு வருஷமா அது அப்படியே கிடந்தது. நானும் 7:18னு பார்த்துட்டு, சரி, லேட்டுதான் போலன்னு நினைச்சேன்.

அப்புறம் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். அவர் பின்னாடி ஜன்னல். வெளியே கும்மிருட்டு. தை மாசம் அந்தப் பக்கம் ஆறரை, ஆறே முக்காலுக்கெல்லாம் நல்லா விடிஞ்சிடும். 7:18க்கு இருட்டு எப்படி?

இங்கே கொஞ்சம் உள்ளே போகணும். ஸ்டில் கேமராக்காரங்க படத்துக்குள்ள எழுதுற குறிப்புக்கு எக்ஸிஃப்னு பேரு. 1995ல ஜப்பான்ல உருவானது. அதுல இருக்கிற தேதியும் நேரமும் கேமரா கடிகாரம் காட்டுறது மட்டும்தான். எந்த ஊர் நேரம்னு அதுல கிடையாது. சுவர்க் கடிகாரத்தைப் படம் பிடிச்ச மாதிரி. யூடிசியிலிருந்து எத்தனை மணி வித்தியாசம்னு எழுத தனியா ஒரு இடம் 2016ல வந்த எக்ஸிஃப் 2.31லதான் சேர்ந்தது. இன்னிக்கும் நிறைய கேமரா அதை நிரப்புறது இல்லை.

வீடியோ வேற ஜாதி. எம்பி4, எம்ஓவி ரெண்டும் குயிக்டைம் வழி வந்தவை. அதுல நேரம் 1904 ஜனவரி 1லிருந்து எத்தனை விநாடின்னு ஒரு எண்ணா இருக்கும், விதிப்படி அது யூடிசி. (உங்க வீடியோ ஏதாவது 1904ல எடுத்ததுன்னு காட்டினா பயப்படாதீங்க. அந்த இடத்துல பூஜ்யம் இருக்குன்னு அர்த்தம்.) ஆனா எல்லாக் கேமராவும் விதியை மதிக்கிறது இல்லை, சிலது உள்ளூர் நேரத்தையே அங்க எழுதிடும். ஐபோன் யூடிசியோட கூட, உள்ளூர் நேரமும் வித்தியாசமும் சேர்ந்த இன்னொரு குறிப்பும் வைக்கும். அதனால வீடியோன்னாலே அஞ்சரை மணி கூட்டுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிட முடியாது.

என் போன் வீடியோவுல கோப்புப் பேர்லயே 044930னு இருந்தது, அதாவது காலை 4:49:30. உள்ளே இருந்தது முதல் நாள் 23:19:30. சரியா அஞ்சரை மணி. அப்ப இது யூடிசிதான்னு உறுதி. நான் பயன்படுத்தின ஆல்பம் மென்பொருள் பேரை நம்பாம உள்ளே இருந்த எண்ணை அப்படியே உள்ளூர் நேரம்னு எடுத்துக்கிட்டது. ஒரு எச்சரிக்கை: சில போன் வீடியோ முடிஞ்ச நேரத்தை எழுதும், ஆரம்பிச்ச நேரத்தை இல்லை. ஒரு நிமிஷ வீடியோ எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்.

இதுக்கு முன்னாடி நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். முதல் தடவை ஃபோல்டர்ல இருந்த எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து அஞ்சரை மணி கூட்டிட்டேன். வீடியோ சரியாச்சு. சரியா இருந்த போன் படமெல்லாம் காலை பத்து மணிக்குப் போச்சு, அத்தான் படம் மத்தியானத்துக்கு. நல்லவேளை நகல்லதான் பண்ணினேன். எந்தக் கருவியில எடுத்ததுன்னு முதல்ல தனித்தனி ஃபோல்டரா பிரிங்க, கேமரா மாடல் பேரு எக்ஸிஃப்லயே இருக்கும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனிக் கணக்கு.

அத்தான் கேமராவுக்கு வருவோம். சிங்கப்பூர் நேரம் நம்மை விட ரெண்டரை மணி முன்னாடி. 7:18லிருந்து ரெண்டரையைக் கழிச்சா 4:48. தாலி கட்டினது 4:50. ரெண்டு நிமிஷம்தான் இடைவெளி! கேமரா கடிகாரம் போன் மாதிரி நெட்வொர்க்கைப் பார்த்துத் தன்னைச் சரி பண்ணிக்காது. வருஷத்துக்கு வருஷம் நிமிஷக் கணக்குல முன்னே பின்னே போகும். அது மூணு நிமிஷம் மெதுவா ஓடியிருந்தா சித்தப்பா நிஜமாவே தாலிக்கு அப்புறம். தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுட்டதால, அத்தான் அதைப் படமே எடுக்கலை. எடுத்திருந்தா அவர் கேமரா வரிசையே பதில் சொல்லியிருக்கும்.

அப்ப ரெண்டு கருவியும் ஒரே கணத்தைப் பார்த்த இடம் ஒண்ணு வேணும். மண்டபச் சுவர்க் கடிகாரம் ஒரு படத்துல இருந்தது, ஆனா அது சரியா ஓடினதுன்னு யார் சொல்றது? கடைசியில கிடைச்சது கலசாபிஷேகத்துல. என் வீடியோ 4:21:10க்கு ஆரம்பிக்குது, 35வது விநாடியில பளிச்சுன்னு ஒரு ஃபிளாஷ் அடிக்குது. அத்தான் கேமரா. அதே கலசம், அதே கை, அதே தண்ணி, அவர் படத்துல நேரம் 6:55:50. 4:21:45க்கும் 6:55:50க்கும் வித்தியாசம் ரெண்டு மணி 34 நிமிஷம் 5 விநாடி. கேமரா நாலு நிமிஷம் வேகமா ஓடியிருக்கு.

சித்தப்பா படம் 7:18:20. கழிச்சா 4:44:15.

அப்பா முடிச்சுப் போடுறதுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல முன்னாடி.

நேரத்தை மாத்த நான் எக்ஸிஃப்டூல் வச்சிருக்கேன். ஃபில் ஹார்வி எழுதினது, இலவசம். கட்டளை தட்டணும். ஒரு ஃபோல்டர் முழுக்க இத்தனை மணி, நிமிஷம், விநாடி பின்னுக்குத் தள்ளுன்னு ஒரே வரியில சொல்லலாம், மூலக் கோப்பையும் பக்கத்துல வச்சிக்கும். வீடியோ நேரத்தை யூடிசின்னு எடுத்துக்கோன்னு சொல்ல ஒரு அமைப்பு உண்டு. ஆனா அது உங்க கம்ப்யூட்டர் எந்த ஊர் நேரத்துல இருக்கோ அதுக்குத்தான் மாத்தும். அத்தான் சிங்கப்பூர்ல உட்கார்ந்து இதையே பண்ணினா வேற விடை. கட்டளை பிடிக்காதவங்களுக்கு டிஜிகேம்ல நேரம் திருத்துற வசதி இருக்கு.

வீடியோவுக்குள்ள இருக்கிற யூடிசியை நான் தொடலை. அது விதிப்படி சரியாத்தான் இருக்கு. உள்ளூர் நேரமா மாத்தி எழுதினா, நாளைக்கு ஒழுங்கான மென்பொருள் இன்னொரு தடவை அஞ்சரையைக் கூட்டும். பதிலா எல்லா நகலுக்கும் உள்ளூர் நேரத்துலயே புதுப் பேர் வச்சுட்டு, பேர்ப்படி அடுக்கினேன். அத்தை அனுப்பின வாட்ஸ்அப் படங்கள்ல உள்ளே நேரமே இல்லை, பேர்ல தேதி மட்டும்தான். அதுகளை அம்மாவே புடவையைப் பார்த்து இடம் சொன்னாங்க.

இனிமே விசேஷம்னா நான் பண்றது ஒண்ணுதான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கேமரா கொண்டு வந்த எல்லாரையும் என் போன்ல விநாடியோட ஓடுற கடிகாரத்தை ஒரு படம் எடுக்கச் சொல்லிடறேன். சிரிப்பாங்க, எடுப்பாங்க.

அம்மாகிட்ட ரெண்டு படத்தையும் வீடியோவையும் போட்டுக் காட்டினேன். ஃபிளாஷ் அடிக்கிற இடத்தை மூணு தடவை ஓட்டச் சொன்னாங்க. அப்புறம், "உங்க சித்தப்பா நம்பரைப் போட்டுக் குடு"ன்னாங்க. போட்டுக் குடுத்துட்டு நான் மாடிக்குப் போயிட்டேன்.

அடுத்த எபிசோட்ல, ஸ்கேன் பண்ணின பழைய பிரிண்ட் படங்களுக்கு என்ன தேதி வைக்கிறதுங்கிறதைப் பத்திப் பேசறேன்.