தேரி மணலுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்

குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் குதிரைமொழித் தேரி. செக்கச்சிவந்த மணல், மழைநீரும் நிற்காது, சத்தும் தங்காது. ஆனாலும் பனையும் முந்திரியும் உடைமரமும் அங்கே செழிக்கின்றன.

எப்படி? வேரில் குடியிருக்கும் பூஞ்சைதான் பங்காளி. தலைமுடியைவிட மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடுக்குகளுக்கும் அனுப்பி மணிச்சத்தைக் கொண்டுவரும். கூலியாக மரம் சர்க்கரை தரும். ஒரே பூஞ்சை பனை வேரிலும் இருக்கும், முந்திரி வேரிலும் இருக்கும். சாதி பார்ப்பதில்லை! இந்தக் கூட்டுக்கு 1885-இல் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பிராங்க்.

கடலோரச் சவுக்குக்குக் கூடுதல் வசதி. அதன் வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. பெயர் பிராங்கியா, அதே பிராங்கின் நினைவாகத்தான். சவுக்குச் சருகு மட்கினால் பக்கத்து மரத்துக்கும் அந்தத் தழைச்சத்தில் பங்கு கிடைக்கும்.